மண்ணுக்கடியில் குழாய் பதிப்போர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

தில்லியில் தனிவீடு கட்டுவோர் சிலர், மண்ணுக்கடியில் குழாய் பதித்து அதன் வழியே வெளிக்காற்றை அறைக்குக் கொண்டுவர விரும்புகிறார்கள். நல்ல யோசனைதான். இங்கே நான்கு மீட்டர் ஆழத்தில் மண் ஆண்டு முழுவதும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஜனவரி விடியலில் 7 டிகிரியில் நுழையும் காற்று சுமார் 20-க்கு ஏறும். மே மாத 42 டிகிரி 29 வரை இறங்கும். குருகிராமை அடுத்த குவால் பஹாரியில் உள்ள, டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி வளாகத்தில் 70 மீட்டர் சுரங்கக் குழாய்களாகவே அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆறங்குலக் குழாய் 30 மீட்டர் ஓடி, காற்று நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் போனால் கோடையில் கிடைக்கும் குளிர்ச்சி ஏறத்தாழ 650 வாட். ஒரு டன் ஏ.சி. தரும் குளிர்ச்சி 3,500 வாட். ஏ.சி.க்கு மாற்று என்று விற்பவரை நம்ப வேண்டாம். கதவை அடைத்து ஹீட்டர் முன் மூச்சுமுட்ட உட்காராமல் புதுக்காற்று பெறலாம், அவ்வளவே.

அந்தப் புதுக்காற்றில்தான் சிக்கல். நவம்பர் புகையைக் குழாய் வடிகட்டாது. நுழைவாயிலில், நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்தாக வேண்டும். வைத்ததும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் திணறிவிடும். காற்றைத் தள்ளக் குழாய்க்குத் தேவைப்படும் அழுத்தம் 25 பாஸ்கல்தான் (பாஸ்கல் என்பது அழுத்த அலகு), ஃபில்டரோ 100-க்கு மேல் கேட்கும். குழாயோடு இணைத்து அழுத்தத்துடன் காற்றைத் தள்ளும் டக்ட் ஃபேன் வாங்கி, ஃபில்டருக்கு அடுத்து, வெளிமுனையிலேயே பொருத்துங்கள். அறைப் பக்கம் வைத்து இழுத்தால் இணைப்புகளின் கசிவு வழியே மண்வாடையும் ஈரமும் உள்ளே வரும். எதிர்ச்சுவரில் உயரமாக ஒரு வெளியேற்றுத் துளையும் தேவை. இதை மறப்பவர்களே அதிகம்.

ஆடி, ஆவணியில் காற்றின் ஈரம் குழாய்க்குள் நீராகப் படியும். 100-க்கு 2 சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில் மூடியுள்ள தொட்டி கட்டி, நீரை இறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சைதான். வரிவரியான குழாய் கூடாது, மடிப்புகளில் நீர் தேங்கும். உட்புறம் வழவழப்பான பி.வி.சி. போதும். இரண்டு குழாய் என்றால் இடையே ஒரு மீட்டராவது விடுங்கள். குழியின் பக்கங்களுக்குத் தாங்கு பலகை கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள்.

தென்தில்லியின் பாறையில் தோண்டும் செலவே கட்டுப்படியாகாது. மயூர் விஹார் போன்ற யமுனைக் கரைப் பகுதிகளில் நிலத்தடி நீர் குழாயைத் தொட்டுவிடக்கூடும். மழை ஓய்ந்ததும் ஐந்து மீட்டர் சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். நீர் ஊறினால் திட்டத்தைக் கைவிடுவதே மேல்.

— கட்டடப் பொறியாளர்கள் சிலர், புது தில்லி