பரனால் மலையிலிருந்து அப்பாவுக்கு

பரனால், சிலி
ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். "குவேசார் என்றால் ஒளிப்பிழம்பு என்கிறாய், பிறகு கறுப்புக் கோட்டைத் தேடுகிறேன் என்கிறாய், உன் வேலைதான் என்ன?" என்று போனில் கேட்டீர்கள். அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இன்று மேகமூட்டம், தொலைநோக்கியைத் திறக்கவில்லை. சாவகாசமாக எழுதுகிறேன்.

இந்த மலை 2,635 மீட்டர் உயரம். சுற்றிலும் அட்டகாமா பாலைவனம், புல் பூண்டு கிடையாது. காற்றில் ஈரமே இல்லாததால் உதடு வெடித்தபடியே இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் விடுதி ஜன்னல்களையெல்லாம் மூடிவிடுவார்கள். ஒரு கீற்று வெளிச்சம் வெளியே போகக்கூடாது. வண்டிகளும் முன்விளக்கு போடாமல் ஊர்ந்துதான் வரும். நிலா இங்கே தலைகீழாகத் தெரிகிறது, இன்னும் பழகவில்லை. நான் வேலை செய்யும் 8.2 மீட்டர் தொலைநோக்கிக்குக் குயேயென் என்று பெயர். இங்குள்ள மாபுச்சே பழங்குடியினரின் மொழியில் நிலா என்று பொருள். ஆனால் நிலா இல்லாத இரவுக்குத்தான் இங்கே அடிதடி!

குவேசார் என்பது ராட்சதக் கருந்துளையில் விழும் வாயு சூடேறித் தகதகக்கும் வெளிச்சம். அது வரும் வழியில் வேறு வாயு குறுக்கிட்டால், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை மட்டும் விழுங்கிவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் அந்த இடம் கறுப்புக் கோடாக நிற்கும். ஆள் கண்ணுக்குத் தெரியாது, தின்ற தடயம் தெரியும்.

போன வாரம் ஒரு நிறமாலையில் 401 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆழமான பள்ளம், அதாவது ஒரு கறுப்புக் கோடு. ஹைட்ரஜன் விழுங்குவது 121.6-ல், அது புற ஊதா. ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேலான பயணத்தில், விரியும் பிரபஞ்சம் அலைநீளத்தை 3.3 மடங்கு இழுத்துவிட்டது. ஒற்றைக் கோட்டை நம்ப முடியாதே, கார்பனிடம் போனேன். அது இரட்டைக் கோடு போடும்: 154.8, 155.1. 3.3-ஆல் பெருக்கினால் 510.8, 511.8. போய்ப் பார்த்தால் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, முதலாவது சற்று ஆழமாக, இருக்கவேண்டிய படியே. அன்று பகலில் தூக்கம் வரவில்லை.

(வந்த புதிதில் 687-ல் பட்டையாக ஒன்றைக் கண்டு குதித்தேன். அது நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன், நமது காற்று போட்ட கோடு. இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.)

இப்போது நான் பார்ப்பது ஜோடிகளை. ஏறத்தாழ ஒரே திசையில் இரண்டு குவேசார்கள், ஒன்று வெகு பின்னால். முன்னால் இருப்பதைச் சுற்றியுள்ள வாயு, பின்னால் இருப்பதன் ஒளியில் நிழலாக விழும். வானியலாளர் ஜோசப் ஹென்னாவி குழுவினர் 2006 முதல் இப்படிப் பார்த்து வந்ததில் ஒரு விசித்திரம் தெரிந்தது. குவேசாரின் சொந்த ஒளியில், அதாவது நம்மை நோக்கிய திசையில், அருகே ஹைட்ரஜன் குறைவு. அதன் கடும் புற ஊதாக் கதிர்கள் அணுக்களை உடைத்துவிடுகின்றன. பக்கவாட்டிலோ ஹைட்ரஜன் அடர்ந்து கிடக்கிறது. விளக்கடியில் இருட்டு என்பார்களே, இங்கே விளக்கின் பக்கத்தில் இருட்டு. குவேசாரைச் சுற்றியுள்ள தூசி வளையம் அந்தப் பக்கம் ஒளியை மறைக்கலாம். அல்லது விளக்கு ஏற்றி அதிக காலம் ஆகாமல், பக்கவாட்டில் போன ஒளி இன்னும் அந்த வாயுவை எட்டாமல் இருக்கலாம். எனக்குத் தூசி வளையத்தின் மேல்தான் சந்தேகம். என் வழிகாட்டி ஒப்புக்கொள்ளவில்லை, சாப்பாட்டு மேசையில்கூட அதே வாக்குவாதம்.

மேகம் விலகுகிறதாம், கூப்பிடுகிறார்கள். இன்றைய ஜோடி மேற்கே இறங்குவதற்குள் ஒரு மணி நேர ஒளியாவது சேர்க்க வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள், ஞாயிறன்று பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்