நடைபாதைக் குடும்பங்களைப் பிரிக்காத காப்பகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழையை முன்னிட்டுச் சென்னைச் சாலையோரங்களில் தங்கியிருப்போரைக் காப்பகங்களுக்கு அழைத்துச் செல்வது குறித்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 'அழைத்தும் பலர் வர மறுக்கின்றனர்' என்று ஆண்டுதோறும் சொல்லப்படும் வாசகம் இம்முறையும் அதில் இருந்தது. வட சென்னையில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, பிராட்வே நடைபாதைகளில் வாழ்வோரில் பலர் நேற்று ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அல்லர். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரின் பாட்டிமாரே அங்குதான் பிறந்தார்கள். ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள். பெண்கள் பூக்கட்டி விற்கிறார்கள், சௌகார்பேட்டை வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். 'வீடற்றோர்' என்பது நம்முடைய சொல். அவர்களைக் கேட்டால் 'பிளாட்பாரத்துல இருக்கோம்' என்றுதான் சொல்வார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் வீடற்றோரை எண்ணச் சென்ற ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. தூங்குகிறவர்களை எழுப்பி, ஒரே போர்வைக்குள் எத்தனை தலைகள் என்று பார்த்து, தாய், தந்தை, பிள்ளைகளை ஒரே குடும்பமாக எழுதிக்கொண்டோம். அவ்வாறு நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர், சுமார் 4.5 லட்சம் குடும்பங்களாகப் பதிவானார்கள். கணக்கெடுக்கும்போது குடும்பமாகத் தெரிந்தவர்கள், காப்பகத்தின் வாசலுக்கு வந்ததும் ஆண், பெண், சிறுவன் என்று தனித்தனி ஆள்களாகிவிடுகிறார்கள்.

என் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு சிறுமியின் குடும்பத்தை ஒரு மழைக்காலத்தில் இப்படித்தான் அழைத்தார்கள். தாய்க்கும் இரண்டு பெண்களுக்கும் ஓரிடம், தந்தைக்கு வேறோரிடம், பதின்மூன்று வயது மகனுக்கு மூன்றாவதாக ஓரிடம். அடுப்பையும் பாத்திரங்களையும் எங்கே வைப்பது என்பதற்கும், பிழைப்புக்கு ஆதாரமான வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கும் எவரிடமும் விடையில்லை. மூன்றாம் நாளே அவர்கள் திரும்பிவிட்டார்கள். அதற்குள் அவர்கள் படுக்கும் இடத்தை வேறொருவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிறுமியின் புத்தகப் பை, பூட்டிய கிடங்கு ஒன்றின் சன்னல் கம்பியில், பெரியவர்கள் மட்டுமே எட்டும் உயரத்தில் தொங்கும். கீழே வைத்தால் பெருச்சாளி கடித்துவிடும். கடைகள் மூடிய பிறகுதான் பாய் விரிக்க முடியும். அவை திறப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும். அவள் நாள்தோறும் தாமதமாக வருவதாகத் தாயை வரவழைத்துக் கடிந்துகொண்டேன். 'கக்கூஸ் ஆறு மணிக்குத்தான் டீச்சர் தொறக்கறாங்க, க்யூல நின்னு குளிச்சிட்டு வர ஒம்போதரை ஆயிடுது' என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் பயனை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் பள்ளி தொடங்கும் முன்பே பரிமாறி முடிந்துவிடும் அந்த உணவு, கழிப்பிட வரிசையில் நிற்கும் பிள்ளையின் வயிற்றுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம், 24 மணி நேரமும் இயங்கும் காப்பகங்கள் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2010இல் அறிவுறுத்தியது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே அளவுகோலாகக் கொண்டது. குடும்பங்களுக்கென்று மறைவான இடவசதியுடன் தனிக் காப்பகம் அமைக்கலாம் என்பதும், வேலை செய்யும் இடங்களுக்கு அருகில் அவை அமைய வேண்டும் என்பதும் அதன் வழிகாட்டு நெறிமுறைகளிலேயே உண்டு. அந்த 'அமைக்கலாம்' என்ற சொல்லை 'அமைக்க வேண்டும்' என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

பிள்ளைகளை மட்டும் விடுதியில் சேர்த்துவிடலாமே என்று நல்ல மனத்துடன் கேட்போர் உண்டு. ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொன்னவள்தான். ஆனால், பிள்ளையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில், கூரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தாயையும் மகளையும் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. அதேபோல், பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களில் வீடு ஒதுக்குவதானால், பாதிக் கல்வியாண்டில் அனுப்பாமல் ஆண்டுத் தேர்வு முடியும்வரை பொறுத்திருக்கலாம். மூட்டை தூக்குகிறவருக்கு அங்கிருந்து வேலைக்கு வந்து போகும் பேருந்துச் செலவு கட்டுப்படியாகுமா என்பது தனிக் கேள்வி.

ஆகவே, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்ற கணக்கில், பூட்டி வைக்க ஓர் அலமாரியும் பொதுச் சமையல் இடமும் வண்டி நிறுத்த இடமும் கொண்ட காப்பகங்கள் இந்த நடைபாதைகளை ஒட்டிய ஜார்ஜ் டவுன் பகுதியில் அமைய வேண்டும். பயன்பாடின்றிப் பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களை இதற்குச் சீரமைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் நிதியும் காலமும் தேவைப்படும் என்பதை அறிவேன். ஆனால் அவ்வட்டாரத்துக் கட்டணக் கழிப்பிடங்களை விடியற்காலை நாலரை மணிக்கே திறப்பதற்கும், பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைகளிடம் காசு வாங்காமல் விடுவதற்கும் ஓர் உத்தரவு போதும். அதை இந்த மழைக்காலம் முடிவதற்குள்ளேயே பிறப்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
சென்னை-79.