கேசட்டைத் தலைமுழுகிவிடாதே

அன்புள்ள கதிரேசா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் தேவலையா? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மீதி நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில். இது அவசரம்.

வி.ஹெச்.எஸ். வீடியோ கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி நீ அனுப்பிய நாடகத்தின் முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் வந்து சேர்ந்தன. சம்பு அந்த மீசையோடு உள்ளே நுழையும் இடத்தில் எனக்குப் புரையேறிவிட்டது. மீசை கடைசிவரை தாக்குப்பிடித்தது என்பதற்கு இனி அவனிடம் சாட்சி இருக்கிறது, நாம் தொலைந்தோம். சிரித்து முடிப்பதற்குள் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்தேன். 'இப்படியே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு கேசட் மூட்டையைத் தலைமுழுகிவிடலாம், வி.சி.ஆர். டெக்கையும் எடைக்குப் போட்டுவிடலாம்.' டேய், மூட்டையிலிருந்து கையை எடு. நீ அனுப்பியதில் படம் இருக்கிறது, சத்தம் இருக்கிறது, பாதிச் சரக்கு இல்லை. அந்தப் பாதி இன்னும் கேசட்டில்தான் இருக்கிறது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'பாஸ்கர் மாதிரி கேட்டதை விட்டுட்டு ஊர்க்கதை பேசறே' என்பாய்.

பரணில் கிடக்கும் டிவி டியூனர் கார்டையே மாட்டலாமா, டெக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் இந்த யூஎஸ்பி கேப்சர் குச்சி போதுமா, இல்லை புதிதாக நல்லதாக ஒன்று வாங்கலாமா? டியூனர் கார்டில் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஆன்டெனா ஒயர் சொருகும் தகரப் பெட்டிதான் டியூனர், சேனலைப் பிடித்துத் தருவது அது. பக்கத்தில் கறுப்பாக ஒரு சிப் இருக்கிறதே, அனலாக் படத்தை எண்களாக மாற்றுவது அதுதான். தகரப் பெட்டிக்கு வேலை போய்விட்டது. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்றே அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன, பிரிட்டன் 2012-இல் முடித்துக்கொண்டது. சிப்புக்கு இன்னும் வேலை உண்டு. அதன் முதுகில் பிடி878 என்றோ எஸ்ஏஏ7134 என்றோ போட்டிருந்தால் குப்பையில் போடாதே, டேப் எடுக்க அவை நல்ல சிப்கள்தான். தொல்லை வேறு இடத்தில். அவை பழைய பிசிஐ ஸ்லாட்டில் உட்காருபவை. புதிய மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டே இருப்பதில்லை. இருந்தாலும் 64-பிட் விண்டோஸுக்குப் பல கார்டுகளுக்கு டிரைவர் வரவே இல்லை. லினக்ஸில் இன்றும் ஓடும். ஆனால் கார்டு தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளாவிட்டால், எந்த வகைக் கார்டு, எந்த டியூனர் என்று நாம்தான் எண் கொடுத்து அறிமுகப்படுத்த வேண்டும்.

அந்தக் கார்டில் 'படம் வருது, சத்தத்துக்குப் பதில் இரைச்சல்' என்று முன்பு எழுதியிருந்தாயே, டெக்கிலிருந்து ஆன்டெனா ஒயரில் கொண்டுவந்திருப்பாய். அந்த வழியில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடையே எத்தனை மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்பது முறைக்கு முறை மாறும். பால் (PAL) என்ற டிவி முறையிலேயே பல வகை: பால்-பி என்றால் 5.5, பால்-ஐ என்றால் 6, பால்-டி என்றால் 6.5. முறையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் படம் பளிச்சென்று வரும், சத்தம் இருக்கும் இடத்தில் டியூனர் தேடவே தேடாது. சரிசெய்யலாம், ஆனால் எதற்கு? டெக் படத்தை ஒரு சேனலாக மாற்றி அனுப்ப, டியூனர் அதை மறுபடி பிரித்தெடுக்க, நடுவில் தரம் போவதுதான் மிச்சம். டெக்கின் பின்பக்கத்தில் படத்தை நேரே தரும் மஞ்சள் பின் இருக்கும்போது ஆன்டெனா ஒயரைத் தொடாதே.

யூஎஸ்பி குச்சிகளில் மேலே ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதே. ஈஸிகேப் என்ற ஒரே பெயரில், ஒரே மாதிரிக் கூட்டுக்குள், குறைந்தது நான்கு வகைச் சிப் வந்திருக்கிறது: எஸ்டிகே1160, இஎம்2860, யூடிவி007, சோமேஜிக். ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்கு ஆகாது. 'சிடியில் இருந்ததைப் போட்டேன், கறுப்புத் திரைதான்' என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் கதை இதுதான். டிவைஸ் மேனேஜரில் அந்தக் குச்சியின் ஹார்டுவேர் ஐடியைப் பார், விஐடி, பிஐடி என்று இரண்டு எண் இருக்கும். உள்ளே இருப்பது யார் என்று அது சொல்லிவிடும். விளையாட்டுப் பையன்கள் வாங்கும் ஹெச்டிஎம்ஐ கேப்சர் பக்கம் போகாதே. உன் டெக்கை அதில் சேர்க்க நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், மலிவு கன்வெர்ட்டர் படத்தைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். உன் குச்சியே போதும். கார்டைப் பற்றி இவ்வளவுதான். எல்லோரும் கார்டிலேயே தொங்குகிறார்கள், டேப் விஷயத்தில் கார்டுக்கு மூன்றாம் இடம்தான். முதலில் டெக், பிறகு நீ வைத்திருக்கும் செட்டிங், அப்புறம்தான் கார்டு.

இனி உன் வீடியோவுக்கு வருகிறேன். ரமணி மரக்கத்தியை ஓங்கும் இடத்தில் நிறுத்திப் பார். கத்தி இரண்டாகத் தெரியும், இரண்டும் அரைகுறையாக, பின்னாலிருக்கும் திரைச்சீலை ஊடுருவித் தெரிகிற மாதிரி. அவன் மேடையைத் தாண்டி ஓடும்போது ஓட்டம் தத்தித் தத்தி வருகிறது. அவன் அப்படி ஓடவில்லை, உனக்கே தெரியும். பால் டேப்பில் ஒரு நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது அரைப்படம். ஒவ்வொன்றிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 கோடு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐம்பதில் ஒரு பங்கு நொடி நகர்ந்திருக்கும். உன் சாஃப்ட்வேர் பதிவு செய்யும்போதே இரண்டு ஃபீல்டையும் குழைத்து ஒரே ஃப்ரேமாக்கி 25 ஆக்கிவிட்டது. அசைவில் பாதி அங்கேயே காலி. குழைத்ததைப் பிறகு எவராலும் பிரிக்க முடியாது. போதாததற்கு 640க்கு 480 என்று வைத்திருக்கிறாய், 576 கோட்டை 480-க்குள் திணித்திருக்கிறது.

செய்ய வேண்டியது சுலபம். முறை பால், அளவு 720க்கு 576, டிஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளைக் குழைக்கும் வேலை அதுதான்) என்று எங்கே எழுதியிருந்தாலும் அணைத்துவிடு. பதிவில் நகரும் பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். பயப்படாதே, அதுதான் முழுச் சரக்கு. பிற்பாடு யாடிஃப் என்ற ஃபில்டர் போட்டோ, பொறுமை இருந்தால் கியூடிஜிஎம்சி என்ற ஃபில்டர் போட்டோ, நொடிக்கு 50 ஃப்ரேமாக விரித்துக்கொள்ளலாம். அப்போது ரமணி ஓடுவதைப் பார், அன்றைக்கு ஓடிய மாதிரியே ஓடுவான்.

இடம் அடைக்கும் என்பாய். அடைக்கும்தான். சுருக்காமல் எடுத்தால் நொடிக்கு 20.7 எம்பி, மணிக்கு ஏறக்குறைய 75 ஜிபி. ஹஃப்ஒய்யூவி மாதிரி தரம் இழக்காமல் சுருக்கும் கோடெக் போட்டால் சுமார் பாதி. எடுத்து முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக்கொள், எடுக்கும்போது தரம் போகிற மாதிரி சுருக்காதே. இன்னொன்று, ஃபைல் 4 ஜிபி வந்ததும் நின்றுபோகிறது என்று குச்சியைத் திட்டியிருந்தாய். அது குச்சியின் குற்றமில்லை. உன் வெளி ஹார்டுடிஸ்க் ஃபாட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது, அதில் ஒரு ஃபைல் அதற்கு மேல் போகாது. என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்று. மாற்றுமுன் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள். (இதைச் சொல்லாவிட்டால் நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும்.)

சத்தம். முதல் காட்சியில் வாயும் வார்த்தையும் ஒன்றாகப் போகின்றன. கடைசிக் காட்சியில் ரமணி வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சத்தத்தைத் தனியாகக் கம்ப்யூட்டரின் சவுண்டு கார்டில் கொடுத்திருக்கிறாய். படத்துக்கு ஒரு கடிகாரம், சத்தத்துக்கு ஒரு கடிகாரம். இரண்டும் நூற்றில் ஒரு பங்கு சதவீதம் பிசகினால் போதும், ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி விலகிவிடும். இல்லாவிட்டால் நடுவில் ஃப்ரேம்கள் விழுந்திருக்கின்றன. ஒன்று விழுந்தால் 40 மில்லி நொடி, 25 விழுந்தால் ஒரு நொடி படம் முந்திவிடும். கண்டுபிடிப்பது எப்படி? நடுக்காட்சிகளைப் பார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக விலகினால் கடிகாரம். சரியாகப் போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் திடீரென்று தாண்டினால் ஃப்ரேம். விழும் இடங்கள் ஒவ்வொரு தடவையும் டேப்பின் அதே இடங்களாக இருந்தால் டேப்பிலோ டெக்கிலோ கோளாறு. இடம் மாறி மாறி விழுந்தால் கம்ப்யூட்டர்: குச்சியை ஹப்பில் சொருகாமல் நேரே பின்பக்க யூஎஸ்பியில் சொருகு, ஆன்டிவைரஸ் அந்த ஃபோல்டரை நோண்டாமல் பார்த்துக்கொள்.

சம்பு கத்தும்போதெல்லாம் கரகரவென்று உடைகிறதே, அவன் தொண்டை இல்லை அது. மைக் துளையில் சொருகியிருக்கிறாய். டெக்கிலிருந்து வருவது லைன் அளவு, மைக்கைவிடப் பலமான சிக்னல், மைக் துளை அதைத் தாங்காது. லைன்-இன் இருந்தால் அதில் போடு. அதைவிட நல்லது, குச்சியிலேயே இருக்கும் வெள்ளை, சிவப்புப் பின்கள். அங்கே சத்தம் வரவில்லை என்பதால்தானே மைக்குக்குப் போனாய்? விண்டோஸ் 10-இல் பிரைவசி செட்டிங்கில் மைக்ரோஃபோன் அனுமதி அணைந்திருந்தால் கேப்சர் குச்சியின் சத்தமும் அதோடு அடைபட்டுவிடும். அதைத் திறந்து பார். குச்சியே இரண்டையும் எடுத்தால் விலகலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

படத்தின் அடியில் நாலைந்து கோடு கிழிந்த மாதிரி நெளிவதைக் கண்டு டெக் போச்சு என்று முடிவு கட்டியிருக்கிறாய். எல்லா வி.ஹெச்.எஸ்ஸிலும் அது உண்டு. டேப்பைப் படிக்கும் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய டிவி படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும், அதனால் நாம் பார்த்ததில்லை. நான் கவலைப்படுவது மேல்பக்கத்தைப் பார்த்து. மேடையின் தூண் உச்சியில் வளைந்து வளைந்து நிமிர்கிறது. டேப் ஓடும் வேகம் நூலளவு தடுமாறுவதால் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ தொடங்குகிறது. பழைய டிவி அதோடு அனுசரித்துப் போகும், கேப்சர் சிப் கறார்ப்பேர்வழி. இதை நேர்செய்யத்தான் டைம்பேஸ் கரெக்டர். தனியாகத் தேடி அலையாதே. ஓரத்தில் கிடக்கும் டிவிடி ரெக்கார்டர் எதாவது தெரிந்தவர் வீட்டில் இருந்தால் கேள். டெக்கை அதன் உள்ளே கொடுத்து, அதிலிருந்து குச்சிக்குக் கொண்டுவா. டிஸ்க் எதுவும் போட வேண்டாம். எல்லா மாடலும் செய்யாது, செய்கிற மாடல் கிடைத்தால் தூண் நிமிர்ந்து நிற்கும்.

எஸ்-வீடியோ போட்டுப் பார்த்தேன், கறுப்பு வெள்ளையாக வந்தது என்கிறாயே, மஞ்சள் பின்னை அடாப்டர் வைத்து அந்தத் துளையில் திணித்தாயா? எஸ்-வீடியோவில் வெளிச்சம் ஒரு கம்பியில், நிறம் இன்னொரு கம்பியில் வர வேண்டும். நீ கொடுத்ததில் நிறக் கம்பி காலி. டெக்கிலேயே அந்தத் துளை இருந்தால்தான் பிரயோஜனம், விட்டுவிடு.

டெக்கை எடைக்குப் போடுகிறேன் என்றாயே, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி உலகத்தில் இருப்பதெல்லாம் பழசுதான், நாளுக்கு நாள் குறைகிறது. கார்டு நாளைக்கும் கிடைக்கும், நாளை மறுநாள் இதைவிட நல்ல கார்டு கிடைக்கும். ஓடுகிற டெக் கிடைக்காது. மூட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்த கேசட் ஏதாவது இருந்தால் தப்பித்தவறியும் டெக்கில் போடாதே, ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் பாழாக்கும். தனியே எடுத்து வை. மற்றவற்றை ஒருமுறை முழுக்க ஓட்டி, திருப்பிச் சுற்றிவிட்டு அப்புறம் பதிவு செய். நாடகக் கேசட்டை முதலில் எடுக்காதே, கைபழகும் வரைக்கும் பாஸ்கரின் அந்தச் சொற்பொழிவு இருக்கிறதே, அது அறுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ரமணி குரல் வேறெங்கும் இல்லை கதிரேசா. அவன் வீட்டில் கேட்டேன். போட்டோ இருக்கிறது, பேசியது எதுவும் இல்லை. அவன் மகளுக்கு அப்போது பேச்சே வந்திருக்கவில்லை. உடைந்த சத்தத்தோடு, தத்தித் தத்தி ஓடுகிற ஒருவரை அவளிடம் கொடுத்து 'இதுதான் உங்கப்பா' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம்.

அந்த விஐடி, பிஐடி இரண்டு எண்ணையும் பார்த்து எழுது, டிரைவரைத் தேடி அனுப்புகிறேன். புதிய செட்டிங்கில் ஐந்து நிமிடம் எடுத்து, எதையும் சுருக்காமல் பென்டிரைவில் போட்டு அனுப்பு, வாட்ஸ்அப்பில் வேண்டாம், அது இன்னொரு தடவை பிழிந்துவிடும். சம்புவுக்கு மட்டும் இப்போதைக்கு எதையும் காட்டாதே. மீசை விஷயத்தை நாம் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

உன்,
சீனு