கருத்தரிப்பு மையம் நடத்தும் டாக்டர்களுக்கு: அடுத்த சுற்றுக்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

ஒரே ஒரு கோரிக்கைக்காகத்தான் இந்தக் கடிதம். திரும்பத் திரும்பக் கரு கலைகிற தம்பதிக்கும், விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட் வாங்கிய ஆணுக்கும், அடுத்த ஐவிஎஃப்-க்குத் தேதி குறிக்கும் முன் ஏன் இப்படி ஆகிறது என்று முறையாகத் தேடுங்கள். மரபணுவில் சிக்கலா, உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் சிக்கலா என்று பார்த்து, தெரிந்ததை எங்கள் கையில் எழுதிக் கொடுங்கள்.

எனக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்தது. ஸ்கேனில் துடிப்பு வரவில்லை என்பார்கள், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி முடிந்ததும் "ரெஸ்ட் எடுங்க, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். என் கர்ப்பப்பை, தைராய்டு, சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்தார்கள். என் கணவருக்கு விந்தணுக் கவுண்ட் மட்டும் பார்த்து "நார்மல்" என்று எழுதினார்கள், அத்தோடு அவர் கதை முடிந்தது. வருஷங்கள் கழித்து வேறொரு மருத்துவர் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் கேரியோடைப்பை இருவருக்கும் எடுக்கச் சொன்னார். சில ஆயிரம் ரூபாய் ஆகும் ஒரு ரத்தப் பரிசோதனை. அதில்தான் தெரிந்தது, அவருடைய இரண்டு குரோமோசோம்களில் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. இரண்டு நோட்டுகளின் தாள்களை மாற்றித் தைத்துவிட்ட மாதிரி: தாள் எதுவும் குறையாததால் அவருக்கு ஒரு நோயும் இல்லை, கவுண்டும் சரியாகவே இருக்கிறது. ஆனால் விந்தணுவுக்குப் பாதிப் பங்கு பிரியும்போது சிலவற்றில் ஒரு துண்டு கூடிப்போகும், அல்லது குறைந்துபோகும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை.

தொடர்ந்து கரு கலையும் தம்பதிகளில் 100க்கு 3 முதல் 5 ஜோடிகளில் யாராவது ஒருவருக்கு இந்த இடமாற்றம் இருக்கிறது. சின்ன எண்ணிக்கைதானே என்று தோன்றலாம். அந்த ரிப்போர்ட் வரும் வரைக்கும் எங்கள் வீட்டில் "இவளுக்குக் கர்ப்பப்பை வீக்" என்றுதான் பேச்சு. கல்யாண வீட்டுக்குப் போனால் "விசேஷம் ஏதும் இல்லையா" என்று என்னிடம்தான் கேட்பார்கள், அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. நீங்கள் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தை ஊர் நிரப்புகிறது, அதுவும் எப்போதும் பெண்ணின் பெயரை வைத்தே நிரப்புகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சொந்தத்தில் கட்டினதால்தான் இப்படி என்று சொன்னவர்களும் உண்டு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடக்கும் திருமணங்கள், அதனால் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. குரோமோசோம் இடமாற்றத்துக்கும் உறவுத் திருமணத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்து குழந்தைக்கு இரண்டுமாகச் சேர்வதற்கு உறவு நிச்சயம் வாய்ப்பைக் கூட்டும். இரண்டும் வேறு வேறு சங்கதி. எது எங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பாட்டியோ யூடியூப்போ சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆண்கள் விஷயத்துக்கு வருகிறேன். விந்தணு இல்லை என்றதும் நேராக விதைப்பையில் ஊசி போட்டோ கீறியோ தேடிப் பார்க்கத் தேதி கொடுக்கிறார்கள். அதற்கு முன் கேரியோடைப்பும் ஒய் குரோமோசோம் பரிசோதனையும் செய்தால் என்ன? ஒய்யில் ஏஇசட்எஃப் என்று ஒரு பகுதி உண்டு, அதில் ஏ, பி, சி என்று பிரிவுகள். ஏ அல்லது பி முழுசாக இல்லாதவருக்கு அறுவை செய்து தேடினாலும் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. சி மட்டும் இல்லாதவர்களில் பலருக்குக் கிடைக்கும், ஆனால் அந்தக் குறை பிறக்கும் மகனுக்கும் போகும், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எக்ஸ் ஒன்று கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் ஆண்களுக்கும் நுண் அறுவையில் விந்தணு கிடைப்பதுண்டு. விந்துக் குழாயே பிறவியில் இல்லாதவருக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோயோடு தொடர்புள்ள சிஎஃப்டிஆர் மரபணுவைப் பார்க்க வேண்டும், கூடவே மனைவிக்கும் பார்க்க வேண்டும். இதெல்லாம் வெளிநாட்டு வியாதி என்று தள்ள முடியாது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் இந்திய ஆண்களிடமே ஒய் குரோமோசோம் குறைகளைக் கண்டு எழுதி இருபது வருஷம் தாண்டிவிட்டது.

அடுத்து நோய் எதிர்ப்பு மண்டலம். இங்கேதான் தேவையானது விடுபடுகிறது, தேவையில்லாதது பில்லில் ஏறுகிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், அதாவது உடம்பின் சொந்த எதிர்ப்பொருள்களே ரத்தம் உறைவதைக் கூட்டிக் கருவைக் கலைக்கும் கோளாறு, உண்மையான, கண்டுபிடிக்கக்கூடிய, மருந்துள்ள காரணம். மூன்று எதிர்ப்பொருள்களைப் பார்க்க வேண்டும், பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும். 1997இல் வந்த பிரிட்டன் ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும் ஹெபாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இவ்வளவு பலன் உள்ள ஒன்றை ஒரே தடவை டெஸ்ட் எடுத்துவிட்டு மறப்பதும், டெஸ்டே எடுக்காமல் எல்லோருக்கும் ஹெபாரின் குத்துவதும் ஒரே அளவு தப்பு.

அப்புறம், கணவரின் வெள்ளை அணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போடும் எல்ஐடி. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் அதனால் பலன் இல்லை, ஊசி போட்ட பெண்களுக்கே கரு அதிகம் தவறியது. 2002இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது என்றது. இன்னமும் ஏன் இதை எங்களுக்குச் சொல்கிறீர்கள்? ரத்தத்தில் என்கே செல் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை கூடுதல் என்று காட்டி, இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புத் திரவத்தை டிரிப்பில் ஏற்றுவதும் இப்படித்தான். கர்ப்பப்பையில் இருக்கும் என்கே செல் வேறு வகை, நஞ்சுக்கொடி ஊன்றுவதற்கே அது உதவுகிறது. கையில் எடுத்த ரத்தம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தைராய்டு எதிர்ப்பொருள் மட்டும் இருந்து தைராய்டு அளவு சரியாக உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் குழந்தை பிறப்பு கூடவில்லை என்று 2019இல் வந்த டேப்லெட் என்ற பெயருள்ள ஆய்வு சொல்லியாகிவிட்டது. நம்பிக்கையாக எதையாவது செய்ய வேண்டும் என்று நாங்கள் கெஞ்சுவது உண்மைதான், அந்தக் கெஞ்சலுக்கு விலை போடாதீர்கள்.

2021ஆம் வருஷச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமே, வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பை மையங்களிடம் கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த பரம்பரைக் கோளாறு இருந்தால் கருவை வைக்கும் முன் சோதிக்கவும் அனுமதிக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு வழி, தானாகவே கருத்தரித்துக் காத்திருப்பது இன்னொரு வழி. இடமாற்றம் உள்ள தம்பதிகள் பலருக்கு அப்படியே நல்ல குழந்தை பிறந்திருக்கிறது. எந்த வழி என்பதைக் காரணம் தெரிந்தால்தான் யோசிக்கவே முடியும்.

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் கலைகிறது. ஆகவே இனி ஒருத்திக்கு மறுபடி கரு கலைந்தால் அந்தத் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று டி அண்ட் சிக்கு முன்பே கேளுங்கள். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் செல் செத்துவிடும், கேரியோடைப் செய்ய முடியாது. சுத்தமான சலைனில் அன்றைக்கே அனுப்பச் சொல்லி நர்ஸிடம் எழுதிக் கொடுங்கள். ரிப்போர்ட்டின் நகல் எங்களுக்கும் வேண்டும். கணவர் பெயரிலும் தனியாக ஒரு ஃபைல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருத்தி