கணினி ராம் (நினைவகம்) விற்க வந்த அண்ணனுக்கு நன்றி

பழைய பி450 மதர்போர்டில் ரைசன் 5 5500 பிராசசரை மாட்டினேன். மின்விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டில் இருந்தது 2018ஆம் ஆண்டு பயாஸ், அதாவது கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருள். 2022இல் வந்த பிராசசரை அதற்கு அடையாளம் தெரியாது.

ராம் விற்க வந்த நீங்கள் இதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய், உங்கள் கணினியிலிருந்தே அந்தப் பழைய பயாஸுக்குத் தெரிந்த ரைசன் 3 2200ஜி பிராசசரைக் கழற்றி எடுத்து வந்தீர்கள். நான் கேட்கக்கூட இல்லை, அண்ணா. அதை மாட்டி பயாஸைப் புதுப்பித்து, அப்புறம் என் பிராசசரை வைத்துப் சூட்டைக் கடத்தும் புது தெர்மல் பேஸ்ட்டும் தடவினீர்கள். ராம் இரண்டையும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றி டூயல் சேனலில், அதாவது இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்படி, ஓடவைத்தீர்கள். விற்க வந்தவர் இவ்வளவு செய்யத் தேவையே இல்லை.

எல்லாம் பழைய பாகங்கள்தான். ஆனாலும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (படத்தை உருவாக்கும் வேலை) தடங்கலின்றி ஓடுகிறது, பார்க்கவே பெருமையாக இருக்கிறது. பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள், அண்ணா.