கை தட்டினா நிக்கிற பஸ்

சேன்-போல், ரெயூனியோன்
20.7.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இந்தப் பிரெஞ்சுத் தீவில் நான் நலம், அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல். அத்தை மகன் கையில நீ கொடுத்தனுப்பின பார்சல் வந்து சேர்ந்து ஒரு மாசம் ஆகுது. வடகம் கால்வாசி தூளாயிடுச்சு, தூளையும் விடாம வறுத்துத் தின்னுட்டேன். பதில் போடத்தான் இவ்வளவு நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. போன்ல பேசினா அம்மாவுக்குச் சரியா காது கேக்கல, லெட்டர்னா ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேப்பாங்கன்னு எழுதியிருந்தே. அதான் உக்காந்துட்டேன்.

நீ கேட்ட முதல் கேள்வி கார். நான் கார் வாங்கிட்டேன்னு அத்தை முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்லிட்டாங்களாமே! அது எங்க ஓட்டல் முதலாளி வண்டிக்கா. காய்கறி இறக்கும்போது பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ. இங்க கார் வச்சிருக்கிறவன்தான் கஷ்டப்படறான். காலையில தலைநகர் சேன்-தெனி போற ரோட்டுல அத்தனை காரும் நின்ன இடத்துலயே நிக்குது. எனக்கு பஸ்தான் வசதி.

தீவைச் சுத்தி ஓடறது மஞ்சள் பஸ். பேரே 'கார் ஜோன்', மஞ்சள் வண்டின்னுதான் அர்த்தம். மலைப்பக்கம், ஊருக்குள்ள போறதெல்லாம் வேற பஸ். கண்டக்டர் கிடையாது. ஏறும்போது டிரைவருக்கு ஒரு போன்ழூர் சொல்லிட்டு 2 யூரோ கொடுத்தா டிக்கெட். இறங்கணும்னா என்ன பண்ணணும் தெரியுமா? கை தட்டணும்! வந்த புதுசுல எனக்குத் தெரியல. எழுந்து போய் கதவுகிட்ட நின்னேன், தொண்டையைக் கனைச்சேன், டிரைவர் திரும்பிக்கூட பாக்கல. மூணு ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன். கடைசியில பின்சீட்டுல இருந்த ஒரு அம்மா ரெண்டு தட்டு 'பட் பட்'டுனு தட்டினாங்க, பஸ் நின்னுடுச்சு. இப்ப நானும் நல்லாவே தட்டறேன். மேப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு முழிக்கிற டூரிஸ்ட்டுக்கும் சேர்த்துத் தட்டி விடறேன். ஊருக்கு வந்து கடலூர் பஸ்ல பழக்கதோஷத்துல தட்டினா கண்டக்டர் என்ன சொல்வாரோ!

ராத்திரி பஸ் அருகிடும். ஓட்டல் இருக்கிறது சேன்-ழீல், வேலை முடிய பத்து மணி ஆகும். கூட வேலை செய்யற பையன் ஸ்கூட்டர்ல கொண்டாந்து விடுவான். அவன் லீவுன்னா நடந்துடுவேன். கடல் ஓரமாவே ரோடு, ரெண்டு மணி நேரம், உடம்புக்கும் நல்லது. இதை அம்மாவுக்குப் படிக்காதே.

குளிர் கேட்டிருந்தே. நமக்கு ஆடிக் காத்து, இங்க குளிர்காலம். கடலோரம் ஒண்ணும் தெரியாது, மலை மேல போனாத்தான். போன ஞாயித்துக்கிழமை சிலாவோஸ்னு ஒரு மலை ஊருக்குப் போனேன். சேன்-லூயில பஸ் மாறணும், அங்கேருந்து ஏறற ரோட்டுக்கு 400 வளைவுன்னு பேரு. சுரங்கம் ஒண்ணுக்குள்ள பஸ் நுழையும்போது ரெண்டு பக்கமும் ஒரு ஜாண்தான் இருந்திருக்கும். மாமாவுக்குத் திருப்பதி மலையே ஒத்துக்காது, இதுல ஏறினா அவ்வளவுதான். மேல 1,200 மீட்டர், கையை உரசிக்கிட்டே ஒரு காபி குடிச்சேன். அந்த ஊர்ப் பருப்பு ரொம்பப் பிரசித்தம். எடுத்துப் பாத்தேன், வெலையைப் பாத்துட்டு வச்சிட்டேன். அடுத்த பஸ்லயே இறங்கிட்டேன். அங்க எனக்கு வேலை ஒண்ணும் இல்ல, ஞாயித்துக்கிழமை ரூம்ல உக்காந்திருக்கப் பிடிக்கல, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பத்தி அம்மாவுக்குச் சொல்லு. மல்பார்னு சொல்லிக்கும், இங்க தமிழ் வம்சத்து ஆளுங்களுக்கு அதான் பேரு. கொள்ளுத்தாத்தா பாண்டிச்சேரியிலேருந்து கரும்புக் காட்டு வேலைக்குக் கப்பல்ல வந்தவராம். ஒரு வார்த்தை தமிழ் வராது. கொல்லையில முருங்கை மரம் இருக்கு, பாட்டி அதை 'முரூங்'னு சொல்லும்போது மட்டும் நம்ம வீட்டு ஆள் மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை சரியா ரெண்டு கொப்பு ஒடிச்சு என் கதவுல செருகிட்டுப் போயிடும். கூப்பிட்டா திரும்பாது. பாண்டிச்சேரியில கடல் இருக்கான்னு வாராவாரம் கேக்கும். இருக்குன்னு சொன்னா நம்பாத மாதிரி தலையாட்டும்.

தைப்பூச சமயத்துல மஞ்சள் பஸ்ல ஒரு பெரியவர், காவி வேட்டி, கையில நோட்டு. முருகன் பாட்டைப் பிரெஞ்சு எழுத்துல எழுதி வச்சு முணுமுணுத்துக்கிட்டு வந்தார். என்னைப் பாத்துட்டு ஒரு வரியில விரலை வச்சு அர்த்தம் கேட்டார். 'கந்தா'ன்னு வாயைத் திறந்தேன், அதுக்கு மேல குரல் வரல. அப்பா நம்மளைத் தோள்ல வச்சு மயிலம் படி ஏறினது ஞாபகம் வந்துடுச்சு. நான் கை தட்டி இறங்கிட்டேன், என் ஸ்டாப் இன்னும் வரல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீ இதைப் படிக்கும்போது ஆடி அமாவாசை முடிஞ்சிருக்கும். சித்தப்பா கடற்கரையில அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டிருப்பார், அவருக்கு என் நமஸ்காரம். ஃபெஞ்சல் புயல்ல விழுந்த கொல்லைச் சுவரைப் பத்தி எழுதியிருந்தே. பிப்ரவரி 28ஆம் தேதி இங்கயும் கரான்ஸ்னு ஒரு புயல். சிவப்பு எச்சரிக்கை போட்டுட்டா வாசல்ல தலை காட்டக் கூடாது, பஸ்ஸும் கிடையாது. நம்ம சுவருக்குக் கொத்தனார் சொன்ன தொகை ஜாஸ்தி. இப்போதைக்கு முள்வேலி போட்டுட்டுத் தை மாசம் பாத்துக்கலாம். இந்த மாசம் அனுப்பினது கொஞ்சம் குறையும், பேங்க்ல ஏதோ கணக்கு மாறிடுச்சு, அடுத்த மாசம் சேர்த்து அனுப்பறேன்.

பாகூர் நிலத்துக்கு என் கையெழுத்து வேணும்னு பெரியப்பா அவசரப்படுத்தினா, நான் வர்ற வரைக்கும் எந்தப் பேப்பர்லயும் அம்மாவைக் கைநாட்டு வைக்க விடாதே. அப்பா பென்ஷனுக்கு அம்மாவோட உயிர்ச் சான்றிதழ் தேதி தவறக் கூடாது. அதுக்காகக் கண் ஆபரேஷன் ஆன கையோட அம்மாவைப் பிரெஞ்சு கான்சல் ஆபீஸுக்கு டெம்போல அழைச்சுக்கிட்டுப் போகாதே, தூசி. ஆட்டோ வச்சுக்கோ, காசு நான் தர்றேன்.

மாமாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு
உன் தம்பி

பி.கு.: கார் விஷயத்தை அத்தைகிட்ட நீயா எதுவும் மறுக்க வேண்டாம். சர்வீஸுக்கு விட்டிருக்கான்னு சொல்லு.