ஸ்கேனில் தெரியாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்குழந்தையின் விரைப்பையைப் பற்றியெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். என் பேரனுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது.

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பேரனைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது இடது பக்கப் பை சப்பையாகக் கிடப்பதையும், அவன் வீறிட்டு அழும்போதெல்லாம் வலது கவட்டில் எலுமிச்சம்பழம் போல ஒன்று புடைத்து, அழுகை ஓய்ந்ததும் உள்ளே போய்விடுவதையும் முதலில் கண்டவர் என் மனைவிதான். நாங்கள் போன தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இடது விரை பிறவியிலேயே இல்லை, வலது பக்கம் வெறும் குடலிறக்கம் என்று முடித்துவிட்டார்கள். ஒன்று இருந்தால் போதும் என்ற ஆறுதல் வேறு.

ஈப்போவில் நாங்கள் பார்த்த குழந்தை அறுவை நிபுணரோ முதலில் தம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். குளிர்ந்த கை பட்டால் தசை சுருங்கி விரையை மேலே இழுத்துவிடுமாம். இடுப்பிலிருந்து கீழ்நோக்கி மெல்லத் தடவிப் பார்த்தவர், ஒரு பக்கம் குடலிறக்கமும் மறுபக்கம் வெறும் பையுமாக இருந்தால் இரண்டு விரைகளும் ஒரே பக்கமாக இறங்கியிருக்கும் அபூர்வக் குறையையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார். வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே விடும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப் வழியாகப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. இப்படிப் பிறக்கும் ஆண் குழந்தைகளில் சிலருக்கு வயிற்றினுள் கருப்பையின் எச்சமும் காணப்படும் என்பதால் அதையும் தேடினார்கள், இவனுக்கு இல்லை.

வயிற்றுக்குள் தங்கிவிட்ட விரையை ஸ்கேன் தவறவிடக்கூடும். அதனால்தான் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் (AUA) 2014-இல் வெளியிட்ட நெறிமுறை, ஸ்கேனுக்காகக் காத்திராமல் குழந்தையை நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு விரை வயிற்றுப் பக்கத்திலிருந்து பைக்குள் இறங்காதிருக்கும். பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானே இறங்கிவிடும். அதற்குமேல் இறங்குவது அரிது என்பதால் 18 மாதத்துக்குள் அறுவை செய்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம், புற்றுநோய் அபாயமும் கூடும். மீசை முளைக்கும் வயதில் எல்லாம் சரியாகிவிடும் என்று லயத்தில் சொல்வார்கள், நானும் சொன்னவன்தான்.

ஆனால் பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விரை தட்டுப்படவில்லை என்றால் 6 மாதம் காத்திருக்கக் கூடாது. ஆண்போலத் தோன்றினாலும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் கோளாறுள்ள பெண் குழந்தையாக அது இருக்கக்கூடும். உடலிலுள்ள உப்பு குறைந்து சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், குரோமோசோம், ஹார்மோன் சோதனைகளை உடனே செய்தாக வேண்டும்.

பிறந்த அன்றும் 6-ஆம் மாதத்திலும் இரு பக்கமும் தொட்டுப் பார்த்து, கண்டதைக் குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் எழுதுமாறு கிளினிக் மிஸ்ஸிமாரைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பாட்டிகளுக்கும் அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்